பெங்களூர்ல தமிழ்ல ஏஏ மீட்டிங் இருக்கா, போனா என்ன நடக்கும்?

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். சொந்த ஊர் கிருஷ்ணகிரி பக்கம், எலக்ட்ரானிக் சிட்டில வேலை, குவார்ட்டர்ல ஆரம்பிச்சது இப்ப தினமும் ஆஃப்ல வந்து நிக்குது, காலைல கை நடுங்குது, வீட்ல ஏஏ மீட்டிங்க்கு (குடிய விட நினைக்கறவங்க ஒன்னா உக்காந்து பேசற கூட்டம்) போங்கன்னு சொல்றாங்க. அது எங்க இருக்கு, தமிழ்ல நடக்குமா, சர்ச்சுல நடக்குதாமே மதம் மாத்திடுவாங்களா, ஆபீஸுக்கு தெரிஞ்சிடுமா, இதான கேட்டிருக்கீங்க. நான் குடிய விட்டு இந்த பிப்ரவரியோட 11 வருஷம், இருக்கறது அல்சூர் பக்கம், அதனால எனக்கு தெரிஞ்சத சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

மீட்டிங்க விடுங்க, முதல்ல அந்த கை நடுக்கம். காலைல நடுங்குது, ஒரு கட்டிங் உள்ள போனா நிக்குதுன்னா உடம்பு சரக்குக்கு பழகிடுச்சுன்னு அர்த்தம். சரக்கு மூளைய அமுக்கற சாமான், தினமும் அமுக்க அமுக்க மூளை அதுக்கு எதிரா முறுக்கிட்டு நிக்கும், திடீர்னு ஒரு நாள் நிறுத்தினா அந்த முறுக்கு மட்டும் மிச்சம் இருக்கும், அதான் நடுக்கம், வேர்வை, தூக்கம் வராதது எல்லாம். சிலருக்கு ஃபிட்ஸ் வரும், பெரும்பாலும் கடைசியா குடிச்சதுல இருந்து 6 மணி நேரத்துக்கு அப்புறம் 48 மணி நேரத்துக்குள்ள. ரெண்டு மூணு நாள் கழிச்சு சிலருக்கு சுவத்துல பூச்சி ஓடற மாதிரி தெரியும், யாரோ பேர் சொல்லி கூப்பிடற மாதிரி கேக்கும், அது உயிருக்கே ஆபத்தான கட்டம். நான் யார்கிட்டயும் சொல்லாம வைராக்கியமா நிறுத்தினேன், ரெண்டாவது நாள் பாத்ரூம்ல விழுந்து நாக்கை கடிச்சுக்கிட்டேன், எங்க மாமியார் காத்து கருப்புன்னு நினைச்சு மந்திரிக்கற ஆளை கூட்டிட்டு வந்துட்டாங்க, நல்ல வேளை பக்கத்து வீட்டு நர்சம்மா ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்கு தள்ளிட்டு போனாங்க. அதனால நாளைக்கே நிறுத்தறேன்னு வீட்ல சத்தியம் கித்தியம் பண்ணிடாதீங்க, முதல்ல டாக்டர்.

உங்களுக்கு நிமான்ஸ், அதாவது மத்திய அரசு மனநல ஆஸ்பத்திரி, ஒரே ரோடு, ஓசூர் ரோட்டையே புடிச்சு வந்தா டெய்ரி சர்க்கிள் தாண்டினதும் வந்துடும். அங்க குடி, போதை கேஸ் பாக்கறதுக்குன்னே அடிக்ஷன் மெடிசின் சென்டர் தனியா இருக்கு. காலைல சீக்கிரம் போங்க, க்யூ நீளமா இருக்கும், பழைய ரிப்போர்ட் இருந்தா எடுத்துக்கோங்க, எவ்ளோ குடிக்கிறீங்கன்னு கேட்டா பாதியா சொல்லாதீங்க (நாம எல்லாரும் பாதிதான் சொல்லுவோம், அது அவங்களுக்கும் தெரியும்). ஒரு வாரம் பத்து நாளைக்கு டோஸ் குறைச்சு குறைச்சு மாத்திரை கொடுப்பாங்க, கூடவே பி1 வைட்டமின். இது என்ன சத்து மாத்திரைதானேன்னு விட்டுடாதீங்க, குடிக்கிறவங்களுக்கு பி1 ரொம்ப குறைஞ்சு போனா ஞாபக சக்தியே காலியாகலாம். நேர்ல போக கூச்சமா இருந்தா 14416, டெலி மனஸ்னு அரசாங்க மனநல ஹெல்ப்லைன், 24 மணி நேரமும் ஃப்ரீ, தமிழ்லயே பேசலாம். போதை விஷயத்துக்குன்னே மத்திய அரசு நம்பர் இன்னொன்னு இருக்கு, 14446.

இப்ப ஏஏ. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935ல அமெரிக்கால ஏக்ரன்ங்கற ஊர்ல ஒரு ஷேர் மார்க்கெட் ஆளும் ஒரு சர்ஜனும், ரெண்டு பேருமே மொடாக்குடிகாரங்க, ஒருத்தர்கிட்ட ஒருத்தர் உக்காந்து பேசினா அன்னைக்கு குடிக்காம இருக்க முடியுதுன்னு கண்டுபிடிச்சதுதான் மொத்த விஷயமும். இந்தியாவுக்கு வந்தது 1957ல. அதுக்குள்ள டாக்டர் கிடையாது, கவுன்சலர் கிடையாது, ஃபீஸ் கிடையாது, அட்மிஷன் ஃபார்ம் கிடையாது. குடிய விடணும்னு ஆசை இருக்கா, அது ஒன்னுதான் தகுதி, அதுவும் மனசுக்குள்ள இருந்தா போதும், யாரும் சர்டிஃபிகேட் கேக்க மாட்டாங்க. சும்மா பேசினா குடி போயிடுமான்னு நானும் கேட்டவன்தான். 2020ல காக்ரேன்னு மருத்துவ ஆராய்ச்சிகள சேத்து வச்சு அலசறவங்க 27 ஆராய்ச்சிய, பத்தாயிரம் பேருக்கு மேல, எடுத்து பாத்தாங்க, முழுசா குடிக்காம இருக்கற விஷயத்துல ஏஏவும் ஏஏவுக்கு ஆளை அனுப்பி வைக்கிற சிகிச்சையும் மத்த பேச்சு சிகிச்சைகளுக்கு சமமா இல்ல அதுக்கு மேலயே வேலை செய்யுதுன்னு வந்தது. எல்லாருக்கும் செட் ஆகும்னு நான் சொல்லல, எனக்கு ஆச்சு.

கண்டுபிடிக்கறது கஷ்டமே இல்ல. ஏஏ இந்தியா வெப்சைட்ல ஊர் வாரியா மீட்டிங் லிஸ்ட், ஹெல்ப்லைன் நம்பர் இருக்கும், பெங்களூர்னு போட்டு பாருங்க. ஆனா லிஸ்ட்ட பாத்துட்டு நேரா கிளம்பிடாதீங்க, கூகுள் மேப்ஸ நம்பி இன்னும் போகவே போகாதீங்க, சின்ன சின்ன குரூப்பு, ஸ்கூல்ல எக்ஸாம் வந்தா ரூம் மாறும், சர்ச்சுல திருவிழான்னா அந்த வாரம் வேற எடம். ஃபோன் பண்ணுங்க. எடுக்கறது கால் சென்டர் பொண்ணு இல்ல, குடிய விட்ட ஒரு ஆளுதான் எடுப்பாரு, உங்க குரல்ல இருக்கற தயக்கத்துலயே புரிஞ்சுக்குவாரு. அவர்கிட்ட மூணு விஷயம் கேளுங்க, எந்த மொழி மீட்டிங், ஓப்பனா க்ளோஸ்டா (ஓப்பன்னா வீட்டுக்காரங்களும் வரலாம், க்ளோஸ்டுன்னா குடிப் பிரச்சனை இருக்கறவங்க மட்டும்), கரெக்டா எந்த கேட்டு வழியா உள்ள வரணும். கடைசி கேள்வி சில்லறையா தெரியும், நான் முதல் நாள் தப்பான கேட்ல நின்னு, வாட்ச்மேன்கிட்ட கேக்க வெக்கப்பட்டு, அப்படியே திரும்பி நேரா ஒயின் ஸ்டோருக்கு போனவன்.

மொழி விஷயத்த நான் கொஞ்சம் அழுத்தி சொல்றேன், ஏன்னா இதுல நான் ஒரு வருஷத்துக்கு மேல வீணாக்கினேன். அப்ப நான் ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனில சேல்ஸ், டை கட்டுவேன், தமிழ் மீட்டிங்னா கூலி ஆளுங்க வருவாங்கன்னு ஒரு திமிரு, அதனால கன்டோன்மென்ட் பக்கம் ஒரு இங்கிலீஷ் மீட்டிங்க்கு போனேன். நல்ல மனுஷங்க, குறை சொல்ல ஒன்னுமில்ல. பிரச்சனை என் வாய். இங்கிலீஷ்ல பேசறப்ப என் கதை ரொம்ப அழகா இருந்தது, ஸ்ட்ரெஸ், ஃபைனான்ஷியல் இஷ்யூஸ், ஃபேமிலி டிஸ்டர்பன்ஸ், எல்லாரும் தலைய ஆட்டுவாங்க, நானே கைதட்டிக்கலாம் போல இருக்கும். அஞ்சு மாசம் போனேன், அப்புறம் வாணியம்பாடில ஒரு சாவு, மாமா செத்துட்டாரு, நம்ம ஊர் சாவு வீடு தெரியுமே, பின்னாடி தோப்புல அண்ணன் தம்பிங்க எல்லாம் பாட்டிலோட, ஒரு வாய்னு ஆரம்பிச்சு எட்டு மாசம் ஓடிப்போச்சு.

திரும்ப வந்தப்ப யாரோ சொல்லி ஒரு தமிழ் மீட்டிங்க்கு போனேன். அங்க மத்தவங்க என்ன பேசினாங்கன்னு சொல்ல மாட்டேன், அது ரூல், என்னோடத மட்டும் சொல்றேன். எழுந்து "ஃபைனான்ஷியல் இஷ்யூஸ்"னு ஆரம்பிச்சேன், அதுக்கு மேல தமிழ்ல எப்படி கொண்டு போறதுன்னு தெரியல, ஏன்னா தமிழ்ல அதுக்கு பேரு "எம் பொண்ணு உண்டியல ஒடச்சேன்". அவ்ளோதான். உண்டியல ஒடச்சேன்னு சொன்னதும் அதுக்கு முன்னாடி எங்கயும் வராத அழுகை வந்தது, உக்காந்துட்டேன், யாரும் எதுவும் சொல்லல, பக்கத்துல இருந்தவரு டீ கிளாஸ என் பக்கம் நகத்தி வச்சாரு. எங்கம்மா என்னை திட்டினது தமிழ்ல, நான் பொய் சொன்னது தமிழ்ல, சத்தியம் பண்ணது தமிழ்ல, அப்ப கணக்கு தீக்கறத மட்டும் ஏன் இங்கிலீஷ்ல பண்ணிட்டு இருந்தேன்னு இப்ப யோசிச்சா சிரிப்பா இருக்கு. பெங்களூர்ல இங்கிலீஷ், கன்னடம், தமிழ்னு மீட்டிங் நடக்குது, உங்களுக்கு கன்னடம் நல்லா வரும், ஆபீஸ் இங்கிலீஷும் வரும், ஆனா எந்த மொழில பொய் சொல்ல கஷ்டமா இருக்கோ அந்த மீட்டிங்க ஹெல்ப்லைன்ல கேட்டு வாங்குங்க. தமிழ் மீட்டிங் உங்க வீட்டுப் பக்கம் இல்லன்னா பரவால்ல, வாரத்துல ஒரு நாளாவது அதுக்கு போங்க, மத்த நாள் கிட்ட இருக்கறது எதுவா இருந்தாலும் போங்க. இப்ப மஞ்சள் லைன் மெட்ரோ வந்துடுச்சு, எலக்ட்ரானிக் சிட்டில ஏறி ஆர்.வி. ரோடு, மெஜஸ்டிக்னு மாறினா அல்சூர் வரைக்கும் ரயில்லயே வந்துடலாம், சில்க் போர்டு சிக்னல்ல நிக்கறப்ப கண்ணுல படற பார் போர்டுங்களும் மிச்சம்.

உள்ள போனா என்ன நடக்கும்னு கேட்டீங்க. சின்ன ரூம், பிளாஸ்டிக் சேர், சுவத்துல 12 படிகளும் 12 மரபுகளும் எழுதின பேனர், ஒரு ஃபிளாஸ்க் டீ, மாரி பிஸ்கட். ஒரு மணி நேரம் ஒன்றரை மணி நேரம் நடக்கும். ஒருத்தர் சேர்பர்சனா உக்காருவாரு, அவரும் நம்மள மாதிரிதான், முறை வச்சு மாறுவாங்க. சின்ன பிரார்த்தனை, கொஞ்ச நேரம் மௌனம், புத்தகத்துல இருந்து கொஞ்சம் படிப்பாங்க, அப்புறம் ஒவ்வொருத்தரா ஷேரிங். "என் பேரு இன்னது, நான் ஒரு குடிநோயாளி"ன்னு ஆரம்பிப்பாங்க. இந்த குடிநோயாளிங்கற வார்த்தை முதல்ல நெஞ்சுல குத்தும், எனக்கும் குத்துச்சு, குடிகாரன்னு ஊரே கூப்பிட்டப்ப கூட அவ்ளோ குத்தல. நீங்க சொல்லணும்னு கட்டாயம் இல்ல, "முதல் தடவ வந்திருக்கேன், இன்னைக்கு கேக்கறேன்"னு சொல்லிட்டு உக்காரலாம். ஒருத்தர் பேசறப்ப இன்னொருத்தர் குறுக்க பேச மாட்டாங்க, அட்வைஸ் பண்ண மாட்டாங்க, கேள்வி கேக்க மாட்டாங்க. நம்ம வீட்டு பஞ்சாயத்துக்கு பழகினவங்களுக்கு இது ரொம்ப விசித்திரமா இருக்கும், பேசி முடிச்சதும் யாராவது ஆரம்பிப்பாங்கன்னு நான் காத்துட்டே இருந்தேன், ஒருத்தரும் ஒன்னும் கேக்கல. கடைசில ஒரு பை சுத்தி வரும், பத்தோ இருபதோ போடலாம், முதல் தடவ வர்றவங்க போடவே வேணாம், அந்த காசுலதான் ரூம் வாடகை, டீ எல்லாம், வெளி ஆளுங்ககிட்ட ஒரு ரூபா டொனேஷன் வாங்க மாட்டாங்க.

சர்ச் விஷயம். ஆமா, நிறைய மீட்டிங் சர்ச் வளாகத்துலதான் நடக்குது, காரணம் சாயங்காலம் காலியா இருக்கற ரூம குறைஞ்ச வாடகைக்கு கொடுக்கற இடம் சர்ச்சும் ஸ்கூலும்தான். ஏஏ எந்த மதத்தோட சேந்ததும் இல்ல. பிரார்த்தனைல கடவுள்னு வரும், ஆனா "நாம் புரிந்துகொண்ட கடவுள்"னுதான் படிகள்லயே இருக்கு, நான் கோடியம்மன நினைச்சுக்குவேன், பக்கத்துல இருக்கறவரு அல்லாவ நினைப்பாரு, எனக்கு தெரிஞ்ச ஒரு கருப்புச் சட்டை ஆளு இந்த குரூப்புதான் எனக்கு மேல இருக்கற சக்தின்னு சொல்லிட்டு வருஷக்கணக்கா வந்துட்டு இருக்காரு. சாமி பேச்சே ஒத்து வராதுன்னா ஸ்மார்ட் ரிகவரின்னு வேற ஒன்னு இருக்கு, 1994ல ஆரம்பிச்சது, சாமி, படி எதுவும் இல்லாம மனப் பயிற்சி முறைல போகும், ஆன்லைன்லயும் மீட்டிங் இருக்கு, இங்கிலீஷ் பரவால்லன்னா பாருங்க. ஆனா தம்பி, விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலுக்கு வியாழக்கிழமை மெழுகுவத்தியோட போற கூட்டத்துல பாதி நம்மாளுங்கதான், அதுக்கு போகலாம், பின்னாடி இருக்கற ரூமுக்கு போகக்கூடாதா?

மாலை போடறதையும் சொல்லிடறேன், நீங்க ஐயப்பனுக்கு போட்டப்ப 48 நாள் தொடலன்னு பெருமையா எழுதியிருக்கீங்க. நானும் போட்டிருக்கேன், கோயில்ல கயிறும் கட்டியிருக்கேன். 48 நாள் சுத்தமா இருந்தோம், அதுல பொய் இல்ல, ஆனா மலையில இருந்து இறங்கி மாலைய கழட்டின அன்னைக்கு ராத்திரி என்ன பண்ணோம்? நிறுத்தறது நமக்கு தெரிஞ்ச வித்தைதான், நான் அம்பது தடவ நிறுத்தியிருக்கேன். 49வது நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு எங்க போறதுங்கறதுக்கு யார்கிட்டயும் பதில் இல்ல, மீட்டிங் கரெக்டா அந்த ஏழு மணிக்கு நடக்குது.

ஆபீஸுக்கு தெரியாது. முழுப் பேரு கேக்க மாட்டாங்க, ஐடி கார்டு கேக்க மாட்டாங்க, இங்க பாத்தது கேட்டது வெளிய போகக்கூடாதுன்னு மீட்டிங்லயே சொல்லுவாங்க. ஆபீஸ்ல வேலை பாக்கற யாராவது அங்க இருந்துட்டா? இருந்தா அவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருப்பாரு.

முதல் மீட்டிங் உங்களுக்கு புடிக்காது, நான் இப்பவே சொல்லிடறேன். இவங்க அளவுக்கு நான் மோசம் இல்லன்னு தோணும், எனக்கு வேலை இருக்கு, பொண்டாட்டி கூட இருக்கா, நான் ரோட்ல விழல, அப்படின்னு வரிசையா வித்தியாசம் கணக்கு போட்டுட்டு இருப்பீங்க. போடுங்க, பரவால்ல. வேற வேற குரூப்பா ஒரு ஆறு மீட்டிங் போயிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. 90 நாள்ல 90 மீட்டிங்னு சொல்லுவாங்க, ஷிஃப்ட் வேலைல அது முடியாது, வாரத்துக்கு மூணு முடியும். கிளம்பறப்ப ரெண்டு பேர் ஃபோன் நம்பர் வாங்கிக்கோங்க, வாங்கினத உபயோகப்படுத்துங்க, குடிச்சதுக்கு அப்புறம் இல்ல, பாரோட படிக்கட்டுல நிக்கறப்ப. கொஞ்ச நாள் போனா ஒருத்தர ஸ்பான்சரா கேக்கலாம், காசு கொடுக்கற ஸ்பான்சர் இல்ல, நமக்கு முன்னாடி அந்த 12 படிய ஏறின ஆளு, கைய புடிச்சு கூட்டிட்டு போறவரு. என் ஸ்பான்சர் மார்க்கெட்ல மூட்டை தூக்கினவரு, டை கட்டின நான் அவர்கிட்ட தினமும் காலைல ஃபோன்ல அட்டெண்டன்ஸ் கொடுத்தேன், மூணு வருஷம்.

குறையும் சொல்லணும்ல. ஒரு மீட்டிங்ல ஒரு சீனியர் எங்கிட்ட மாத்திரையும் போதைதான், தூக்கி எறின்னு சொன்னாரு, நானும் எறிஞ்சேன், பத்து நாள் தூக்கம் போச்சு. ஏஏ அப்படி சொல்றதே இல்ல, மருந்து டாக்டர் விஷயம்னு அவங்க புத்தகத்துலயே இருக்கு, இது அந்த தனி மனுஷனோட வாய்க்கொழுப்பு. அதே மாதிரி காசு கடன் கேக்கறவன், பிசினஸ் பேசறவன் ஒன்னு ரெண்டு பேர் எங்கயும் இருப்பான், தள்ளி நில்லுங்க. லேடீஸ் இத படிச்சீங்கன்னா, தமிழ் மீட்டிங்ல பெரும்பாலும் ஆம்பளைங்கதான் இருப்பாங்க, ஹெல்ப்லைன்ல லேடீஸ் மீட்டிங் கேளுங்க, ஆன்லைன்லயும் இருக்கு.

உங்க வீட்டம்மாவுக்கு ரெண்டு விஷயம். ஒன்னு, குடிக்கறவங்களோட குடும்பத்துக்குன்னே ஆல் அனான்னு தனி கூட்டம் இருக்கு, 1951ல ஏஏ ஆரம்பிச்சவரோட மனைவியே சேந்து ஆரம்பிச்சது, நீங்க மீட்டிங் போனாலும் போகலன்னாலும் அவங்க போகலாம். ரெண்டாவது, ஆட்டோ பின்னாடி, கரண்ட் கம்பத்துல எல்லாம் "குடிப்பவருக்கே தெரியாமல் குடியை நிறுத்த"ன்னு ஒட்டியிருப்பாங்களே, அத வாங்கி சாம்பார்ல கலக்கற வேலை வேணாம்னு சொல்லுங்க. அதுல என்ன இருக்குன்னு விக்கறவனுக்கே தெரியாது. டாக்டர் எழுதற டைசல்ஃபிராம் மாத்திரைய கூட தெரியாம கலந்து கொடுக்கறவங்க இருக்காங்க, அந்த மாத்திரை உள்ள இருக்கறப்ப குடிச்சா மூஞ்சி செவந்து, வாந்தி, நெஞ்சு படபடன்னு அடிச்சு, பிரஷர் இறங்கி ஆளே போயிடலாம், தெரிஞ்சு ஒத்துக்கிட்டு சாப்பிடறவங்களுக்கு மட்டும்தான் அந்த மருந்து. வேன்ல ஆள் அனுப்பி தூக்கிட்டு போற ரீஹாப் பத்தியும் அவங்க அண்ணன் பேசறாருன்னு எழுதியிருந்தீங்க. 2017 மனநல சட்டப்படி சும்மா அப்படி அள்ளிட்டு போய் பூட்டி வைக்க முடியாது, டாக்டர் பாத்து முறையா சேக்கணும், சங்கிலில கட்டிப் போடறதெல்லாம் குற்றம். அட்மிஷன் தேவைன்னா அது நிமான்ஸ்லயே சொல்லுவாங்க.

2019ல வெளிவந்த எய்ம்ஸோட நாடு முழுக்கான சர்வேல குடிக்கு அடிமையானவங்க 38 பேர்ல ஒருத்தர்தான் ஏதோ ஒரு சிகிச்சை எடுத்திருக்காங்கன்னு வந்தது. நீங்க கேள்விய எழுதி அனுப்பிட்டீங்க, ஃபோன்தான் பாக்கி. என்ன பேசறதுன்னு வாய் வரலன்னா இத பாத்து அப்படியே படிங்க: "சார் வணக்கம், எனக்கு குடிப் பிரச்சனை இருக்கு, எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் இருக்கேன், தமிழ் மீட்டிங் எங்க எப்ப நடக்குது, யாராவது கேட்ல வந்து நிப்பாங்களா?" நிப்பாங்க. செவ்வாக்கிழமையா இருந்து அல்சூர் பக்கமா இருந்தா அது நானாவே இருக்கலாம், ப்ளூ கலர் ஹெல்மெட்.